ஹாஸ்டல் வேலைக்குப் போற தங்கச்சிக்கு

"தங்க இடம் உண்டு, மூணு வேளை சாப்பாடு உண்டு, சுத்தியும் பொம்பளைப் பிள்ளைங்க, பத்திரமான வேலை"ன்னு சொல்லித்தான் உன்னை அனுப்பியிருப்பாங்க. அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா முந்நூறு, நானூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுற அடுப்பு, அவங்க எல்லாரும் போய் வர்ற கழிப்பறை, ஊருக்குப் போயிட்டு வரும்போது கொண்டு வர்ற காய்ச்சல், இருமல், ராத்திரி ரெண்டு மணிக்குத் தட்டுற கதவு, இத்தனையையும் தாங்கப் போறது உன் உடம்புதான். அதை யாரும் சொல்லி அனுப்ப மாட்டாங்க. திருச்சிப் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டல்ல சமையல்கட்டுல சேர்ந்து, பிறகு மேட்ரனா பல வருஷம் இருந்தவ நான். கூட வேலை பார்த்தவங்களோட இடுப்பும் கையும் நுரையீரலும் எப்படிக் கெட்டுச்சுன்னு கிட்ட இருந்து பார்த்திருக்கேன். பெரும்பாலானதைத் தடுத்திருக்க முடியும். அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன். நீ சமையலுக்குப் போறியா, கூட்டித் துடைக்கப் போறியா, வார்டனாப் போறியான்னு பிரிச்சுப் பார்க்காம எல்லாத்தையும் படி. ஹாஸ்டல்ல ஒருத்தி லீவு போட்டா அவ வேலை அடுத்தவ தலையிலதான் விழும்.

ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும்

இதை முதல்ல சொல்றேன், ஏன்னா இது சில நிமிஷத்துலயே ஆளைச் சாய்ச்சிடும். போர் தண்ணி உப்பா இருக்கிற ஊர்ல பாத்ரூம் தரையிலயும் கோப்பையிலயும் வெள்ளையும் பழுப்புமா கறை படியும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. "இன்னும் பளிச்சுன்னு ஆகலையே"ன்னு மேல இருந்து குரல் வரும். உடனே ஆசிட்டை ஊத்தி, அது போதாம மேலயே ப்ளீச்சிங் பவுடரையும் தூவிடுவாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத, கதவு சாத்தின சின்ன பாத்ரூம்ல அது கண்ணையும் தொண்டையையும் எரிச்சு, நெஞ்சை அடைச்சு, நுரையீரல்ல நீர் கோக்கிற அளவுக்குக் கொண்டு போயிடும். நீ கடையில வாங்குற டாய்லெட் க்ளீனர் பெரும்பாலும் ஆசிட்தான். அதனால "நான் ஆசிட் தொடலையே"ன்னு நினைச்சுக்காதே.

ஒரு நாளைக்கு ஒண்ணுதான். இன்னிக்கு ஆசிட் போட்டா கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ்ல தேய்ச்சு, நிறையத் தண்ணி விட்டுக் கழுவிடு. ப்ளீச்சிங் பவுடர் நாளைக்கு. கதவைத் திறந்தே வை. பவுடரைக் கரைக்கும்போது பக்கெட்டுக்கு நேர் மேல முகத்தைக் கொண்டு போகாதே. தப்பித்தவறிக் கலந்து நெடி கிளம்பினா, பக்கெட்டை எடுக்கணும், தரையைக் கழுவணும்னு நிக்காம அப்படியே போட்டுட்டு வெளியில வந்துடு. கண்ணு எரிஞ்சா ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவு. இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. முதல்ல லேசா இருந்துட்டு சில மணி நேரம் கழிச்சு மோசமாகிறதும் உண்டு.

இன்னொண்ணு. ஆசிட்டையும் பினாயிலையும் பழைய கூல் டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் எந்த ஹாஸ்டல்ல இருந்தாலும் நீ போன அன்னிக்கே நிறுத்து. தாகத்துல வர்ற ஒருத்தர் எடுத்து வாயில வெச்சா முடிஞ்சது.

கை விஷயத்துக்கு வா. நாள் முழுக்க சோப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர், ப்ளீச்னு கை நனைஞ்சபடியே இருந்தா தோல் வெடிக்கும், விரல் இடுக்குல ரத்தம் கசியும். ரப்பர் கிளவுஸ் ரெண்டு ஜோடி கேட்டு வாங்கு. ஒண்ணைப் போட்டிருக்கும்போது இன்னொண்ணு உள்பக்கம் வெளியில தெரியிற மாதிரி திருப்பிக் காயணும். ஈரக் கிளவுஸைத் திரும்பத் திரும்பப் போட்டா கிளவுஸே புண்ணை உண்டாக்கும். கழிப்பறைக்குப் போட்டதைச் சமையல்கட்டுக்குக் கொண்டு போகாதே, நிறம் மாத்தி வாங்கிட்டா குழப்பம் வராது. காலுக்கு கம்பூட்ஸ். அது இல்லாம ஈரத்துல நிக்கிறவங்களுக்குச் சேத்துப்புண் வந்துக்கிட்டே இருக்கும். வேலை முடிஞ்சதும் விரல் இடுக்கெல்லாம் துணியால ஒத்தி எடுத்துட்டு, ராத்திரி கைக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கிட்டுப் படு.

சமையல்கட்டு

கத்தியில கை வெட்டிக்கிறதுக்கு எல்லாரும் பயப்படுவாங்க. ஹாஸ்டல் சமையல்கட்டுல அதைவிடப் பெரிய ஆபத்து சுடுகஞ்சி. ஒரு அண்டா சோத்தை ரெண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடிச்சுச் சாய்க்கும்போது, ஒருத்தி கொஞ்சம் முன்னாடியே சாய்ச்சிட்டா அத்தனை கஞ்சியும் இன்னொருத்தி கால்ல. அதனால சாய்க்கிறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லு: "தூக்கு", "திருப்பு", "சாய்." மூணுக்கும் எதிர்ப்பக்கம் பதில் வந்தப்புறம்தான் அடுத்தது. கீழே தரை காய்ஞ்சிருக்கணும், நடுவுல யாரும் குறுக்க வரக்கூடாது. பிடிதுணி காய்ஞ்ச துணியா இருக்கணும். ஈரத்துணியில சூடு சட்டுனு ஏறிக் கை பொத்துப் போகும், நீயும் அண்டாவை விட்டுடுவே. இட்லி ஸ்டீமர் திறக்கும்போது கதவுக்கு நேரா நிக்காம ஒதுங்கி நின்னு, கொஞ்சமாத் திறந்து ஆவியை வெளியில விட்டப்புறம் முழுசாத் திற.

நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை அடுப்பங்கரைக்கு வேண்டாம். தீப்பிடிச்சா உருகித் தோலோட ஒட்டிக்கும். பருத்திப் புடவையோ சுடிதாரோ, மேல ஒரு பருத்தி ஏப்ரன். முந்தானையை இடுப்புல செருகு, துப்பட்டாவைக் கழட்டி வெச்சிடு. அடுப்பு மட்டும் இல்ல, மாவு கிரைண்டரும் துணியை இழுக்கும். கிரைண்டர் ஓடும்போது உள்ள கைவிட்டு மாவைத் தள்ளுறது எல்லா ஹாஸ்டல்லயும் நடக்கிற விஷயம். சுவிட்சை அணைச்சிட்டுத் தள்ள எவ்வளவு நேரம் ஆகிடும்?

சுட்டுக்கிட்டா உடனே குழாயைத் திற. இருபது நிமிஷம் ஓடுற தண்ணியில காட்டு. ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வைக்காதே. வளையல், மோதிரம், மெட்டி இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடு. பிறகு சுத்தமான துணியால லேசா மூடிக்கிட்டு டாக்டர்கிட்ட போ. உன் உள்ளங்கை அளவை விடப் பெருசா இருந்தாலோ, முகம், கை, மூட்டுல பட்டிருந்தாலோ "பார்த்துக்கலாம்"னு இருக்கவே கூடாது.

கேஸ் வாசனை வந்தா ஒரு விஷயத்தை மனசுல வை. எல்.பி.ஜி. காத்தை விட கனமானது, தரையோட தரையா தவழ்ந்து மூலையில தேங்கும். நின்னுக்கிட்டு மோந்து பார்க்கிறவளுக்கு லேசாத்தான் தெரியும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மெயின் வால்வை மூடு, கதவு ஜன்னலைத் திற, எல்லாரையும் வெளியே அனுப்பு, 1906-க்கு போன் பண்ணு. அந்த போனையும் வெளியில வந்து பண்ணு. எண்ணெய்ச் சட்டியில தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதே. அடுப்பை அணைச்சு, தட்டால மூடிடு. எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேர்னா நச்சரிச்சாவது சரி பண்ணச் சொல்லு. முந்நூறு பேருக்கு மிளகாய் வறுக்கிற நெடியும் எண்ணெய்ப் புகையும் தினமும் உள்ள போனா நெஞ்சுல சளி கட்டிக்கிட்டே இருக்கும். விறகு அடுப்பா இருந்தா இன்னும் மோசம். வருஷக்கணக்கா அந்தப் புகையில நின்னவங்க, பீடி தொடாமலேயே பீடி பிடிக்கிறவங்களுக்கு வர்ற நுரையீரல் நோயோட ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க.

அரிசி மூட்டையைத் தனியாத் தூக்காதே. ஐம்பது கிலோ மூட்டை வேண்டாம், இருபத்தஞ்சு கிலோவா வாங்குங்கன்னு ஸ்டோர்ல சொல்லு. கடைக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், உன் இடுப்புக்கு ஒண்ணு இல்ல. கேஸ் சிலிண்டரை உருட்டுறது ஆம்பளை வேலை, பொம்பளை வேலைங்கிற பேச்செல்லாம் வேண்டாம். 19 கிலோ கேஸும் அதைச் சுத்தியிருக்கிற இரும்பும் சேர்த்துத் தூக்குறது யாருக்குமே நல்லதில்ல. தள்ளுவண்டி கேளு.

பக்கெட்டுல கிடக்கிற ராடு

ஹாஸ்டல்ல வாட்டர் ஹீட்டர் ராடுக்குத் தடைன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மார்கழிக் குளிர்ல பிள்ளைங்க ஒளிச்சு வெச்சுப் போடத்தான் செய்வாங்க. பக்கெட்டுல போட்டுட்டு மறந்துட்டு கிளாஸுக்குப் போயிடுவாங்க. ரூமைக் கூட்ட வர்ற ஆயா, ஈரக் காலோட, "தண்ணி சுடுதா"ன்னு விரலை விட்டுப் பார்ப்பா. அந்த ஒரு நொடி போதும். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல சுவர்ல பிளக்கைப் பாரு. வயர் எங்கே போகுதுன்னு பாரு. சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கினப்புறம் பக்கெட்டைத் தொடு. ரப்பர் செருப்பு இல்லாம எந்த ரூமுக்கும் போகாதே.

வார்டனா இருந்தா ஒரு வேலை செய். மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி. இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேளு. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டைத் துண்டிக்கிறது அது. அதுல "டி"ன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்திப் பாரு. டப்புனு விழுந்தா நல்லா இருக்கு. விழலைன்னா அன்னிக்கே மாத்தச் சொல்லு.

சம்ப், செப்டிக் டேங்க் பத்தி சுருக்கமாச் சொல்றேன், விவாதிக்க இதுல எதுவும் இல்ல. உள்ள யாரும் இறங்கக் கூடாது. ஆளை இறக்கி செப்டிக் டேங்க் சுத்தம் பண்றதை 2013-ல வந்த சட்டம் தடை பண்ணியிருக்கு. நச்சு வாயு தாக்கி ஒருத்தர் மயங்கினா, தூக்கப் போறவரும் விழுவார். மேல இருந்து 108-க்கும் தீயணைப்புக்கும் போன் பண்ணு. தண்ணி சம்ப்தானேன்னு வாட்ச்மேன் அண்ணனைத் தனியா இறங்க விடாதே. மூடியே கிடந்த சம்ப்லயும் மூச்சு விடக் காத்து இருக்காது.

நாப்கின், பிளேடு, குப்பைக்கூடை

பெண்கள் ஹாஸ்டல் குப்பைக்கூடையைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க. நான் எழுதறேன். கூடை நிறைஞ்சா கையால அமுக்குறது எல்லாருக்கும் வர்ற பழக்கம். உள்ள சவரப் பிளேடு இருக்கும், சர்க்கரை நோய் உள்ள பிள்ளை போட்ட இன்சுலின் ஊசி இருக்கும். அமுக்காதே, பையோட வாயை முடிஞ்சு தூக்கு, காலோட ஒட்டாம தள்ளிப் பிடி. ஊசி குத்திட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவு, பிதுக்காதே. அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைன்னு டாக்டர் சொன்னா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல போனா பலன் இல்ல. ஊசியும் பிளேடும் போட ஒவ்வொரு மாடியிலயும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பா வைக்கச் சொல்லு.

நாப்கினைப் பேப்பர்ல சுத்திப் போடணும்னு பிள்ளைங்ககிட்ட நேராப் பேசு. கூச்சப்படாதே. புனேயில குப்பை பிரிக்கிற பெண்கள், சுத்தின பேப்பர் மேல ஒரு சிவப்புப் பொட்டு வெச்சுப் போடுங்கன்னு வீடு வீடாக் கேட்டாங்க. திறந்து பார்க்காமலே என்னன்னு தெரிஞ்சிடும். நம்ம பிள்ளைங்களும் சொன்னா செய்வாங்க, இதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட சொன்னதில்ல, அவ்வளவுதான்.

நாப்கின் எரிக்கிற மெஷின் நிறைய ஹாஸ்டல்ல பாத்ரூமுக்குள்ளயே சுவர்ல மாட்டியிருக்காங்க. நாப்கின்ல பிளாஸ்டிக் இருக்கு. சரியான சூடு இல்லாம அது எரிஞ்சா டயாக்சின் மாதிரி நச்சுப் பொருள் புகையில வரும். புகைக்குழாய் கூரைக்கு மேல போகணும். ஜன்னலோட நின்னா அந்தப் புகை உனக்கும் மேல் மாடிப் பிள்ளைங்களுக்கும்தான். மெஷின் கொள்றதுக்கு மேல திணிக்காதே, எரியும்போது மூடியைத் திறக்காதே, ஓடவிட்டுட்டு வெளியில வந்துடு. சாம்பலை மாஸ்க் போட்டு, ஆறினப்புறம் அள்ளு.

அம்மை, சிரங்கு, வாந்தி

ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டா முதல்ல உன் கூட வேலை பார்க்கிறவங்கள்ல யார் மாசமா இருக்காங்கன்னு பாரு. சின்னம்மை வராதவங்க, தடுப்பூசி போடாதவங்க, அதுவும் கர்ப்பமா இருக்கிறவங்க அந்த ரூம் பக்கமே போகக்கூடாது. பெரியவங்களுக்கு வந்தா பிள்ளைங்களை விடக் கடுமையா வரும், நெஞ்சுச்சளி வரைக்கும் போகும். வேப்பிலை வை, மாரியாத்தாவை வேண்டிக்கோ, அதுல தப்பில்ல. கூடவே டாக்டரையும் பாரு. கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லாக் கேக்கும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டுற வரைக்கும் பரவும். அதுவரைக்கும் ஏற்கெனவே அம்மை வந்தவங்க யாராவது சாப்பாடு கொண்டு போகட்டும்.

சிரங்கு இன்னும் தந்திரமானது. படுக்கை விரிப்பு, துணி எடுக்கிறவங்களுக்குத் தொத்தும், ஆனா முதல் தடவை வரும்போது நாலஞ்சு வாரம் கழிச்சுத்தான் அரிப்பே ஆரம்பிக்கும். ராத்திரியில அரிப்பு அதிகமா இருக்கும், விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புன்னு வரும். பெர்மெத்ரின் க்ரீமை அரிக்கிற இடத்துல மட்டும் தடவிட்டு "மருந்து வேலை செய்யல"ன்னு சொல்றவங்கதான் அதிகம். கழுத்துலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரு இடம் விடாம ராத்திரி தடவி, காலையில குளிச்சு, ஒரு வாரம் கழிச்சு மறுபடி. ரூம்ல இருக்கிற எல்லாரும், வீட்டுக்குப் போய் வர்றவளா இருந்தா உன் வீட்டுல உள்ளவங்களும், ஒரே ராத்திரியில போட்டுக்கணும். துவைக்க முடியாத துணியைப் பையில கட்டி மூணு நாளுக்கு மேல வெச்சா பூச்சி செத்துடும்.

வாந்தி, பேதி வந்த ரூமைச் சுத்தம் பண்ணும்போது விளக்குமாத்தால கூட்டாதே, தெறிக்கும். பழைய துணியோ பேப்பரோ போட்டு மூடி, ஒரு லிட்டர் தண்ணிக்குப் 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு மேல ஊத்தி, பத்து நிமிஷம் கழிச்சு எடு. மாஸ்கும் கிளவுஸும் அவசியம். பிறகு கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவணும். சானிடைசர் வாந்திக் கிருமிக்கு அவ்வளவாப் பத்தாது. உனக்கே பேதின்னா சமையல்கட்டுப் பக்கம் வராதே, பேதி நின்னு ரெண்டு நாள் கழிச்சு வா.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா, அது பிள்ளையா இருந்தாலும் நீயா இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனை பண்ணிக்கோ. இலவசம்தான்.

தண்ணி குடி, உக்காரு

சமையல்கட்டுல வேலை பார்க்கிற பொம்பளைங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கிறதை நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். காரணம் தெரியுமா? வேலைக்காரங்களுக்குன்னு தனி கழிப்பறை இருக்காது. பிள்ளைங்க மாடிக்குப் போகணும், யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு அடக்கிக்கிறது. அப்புறம் நீர்க்கடுப்பு, குளிர்க் காய்ச்சல், கிட்னி வரைக்கும் ஏறும். வேலையில சேர்றப்பவே கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம்னா, ரெண்டாவது கேள்வி "எங்களுக்குக் கழிப்பறை எங்கே?" தயங்காம கேளு. வேர்வை கொட்டுற நாள்ல உப்புப் போட்ட நீர்மோர் பக்கத்துலயே இருக்கட்டும். கூட இருக்கிறவ தலை சுத்தி, பேச்சு குழறி, உடம்பு கொதிச்சா அது வெறும் மயக்கம் இல்ல. நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு பூரா தண்ணி ஊத்திக்கிட்டே 108-ஐக் கூப்பிடு.

நாள் பூரா நின்னா கால்ல நரம்புச் சுருட்டல் வரும். கடைகள்ல நின்னு வேலை செய்றவங்களுக்கு உக்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டத்திருத்தம் வந்திருக்கு. காய் நறுக்கவும் சப்பாத்தி தேய்க்கவும் உயரமான ஸ்டூல் கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல.

ராத்திரி தட்டுற கதவு

வார்டனுக்கும் ஆயாவுக்கும் ட்யூட்டி நேரம்னு பேப்பர்ல ஒண்ணு இருக்கும். ஹாஸ்டல்லயே தங்கினா இருபத்துநாலு மணி நேரமும் நீதான். வயித்துவலி, வீட்டுல சண்டை, காதல் முறிவு, அரியர், எல்லாம் உன் கதவுக்குத்தான் வரும். தூக்கம் துண்டு துண்டாகும். பிரஷர் ஏறுறது உனக்கே தெரியாது, வருஷம் ஒரு தடவையாவது பிரஷரும் சர்க்கரையும் பாரு. ராத்திரி முறையை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கோங்க, ராத்திரி முழிச்சவளுக்கு மறுநாள் காலை ஓய்வுன்னு எழுதி வாங்குங்க.

ஒரு பிள்ளை தன்னைத்தானே மாய்ச்சுக்கிட்டா என்ன நடக்கும்னு யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. போலீஸ் வரும், பெத்தவங்க கதறுவாங்க, நிர்வாகம் அறிக்கை கேக்கும். அதுக்கப்புறம் அந்த ரூமை யாரோ ஒருத்தி கழுவணும். என்கூட இருந்த ஒரு ஆயாம்மாதான் கழுவினாங்க. அந்தப் பிள்ளைக்குத் தினமும் தலை பின்னி விட்டவங்க அவங்க. மறுநாள் வழக்கம்போல டீ கொண்டு வந்தாங்க. யாரும் அவங்களை உக்காத்தி வெச்சு ஒரு வார்த்தை கேக்கல. பிள்ளைங்களுக்கு மட்டும் கவுன்சிலர் வந்தாங்க. பல மாசம் அந்த மாடிக்கு ஏறும்போது அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு.

அப்படி ஒண்ணு நடந்தா, கவுன்சிலர் வேலை செய்றவங்ககிட்டயும் பேசணும்னு அன்னிக்கே கேளுங்க. அந்த ரூமை, அந்தப் பிள்ளையோட நெருக்கமா இருந்தவங்களைக் கொண்டு சுத்தம் பண்ண வைக்காதீங்க. தூக்கம் வரலை, அந்தக் காட்சியே கண்ணுல நிக்குது, நாம கவனிச்சிருக்கலாமோன்னு மனசு அரிக்குதுன்னா 14416-க்கு போன் பண்ணு. டெலி மானஸ், அரசாங்கத்தோடது, இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பிள்ளைங்களுக்காக மட்டும் அந்த நம்பரைச் சுவர்ல ஒட்டாதீங்க, சமையல்கட்டுலயும் ஒண்ணு ஒட்டுங்க.

கேட்டு வாங்க வேண்டியது

தடுப்பூசி மூணு. மஞ்சள் காமாலை பி-க்கு மூணு டோஸ்: முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. சமையல்ல இருந்தா டைபாய்டு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி மெஸ்ஸுல சாப்பாட்டைக் கையாளுற எல்லாருக்கும் வருஷம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை நடத்திச் சான்றிதழ் வெச்சிருக்க வேண்டியது நிர்வாகத்தோட பொறுப்பு. பரிசோதனையே பண்ணாம கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வர்ற இடத்துல, "டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லையே"ன்னு சொல்லு.

இ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீடு, பத்து பேருக்குக் குறையாம வேலை பார்க்கிற கல்லூரி, தனியார் ஹாஸ்டல்ல மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு உண்டு. கான்ட்ராக்ட்ல சேர்ந்தவங்களுக்கும் உண்டு. உன் சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிப்பாங்க, 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய்தான். முதலாளி 3.25 சதவீதம் போடணும். வேலையில அடிபட்டு வீட்டுல இருந்தா சம்பளத்துல 90 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். ஆனா அடிபட்டது வேலையிலதான்னு எழுத்துல இருக்கணும். சின்னக் காயமா இருந்தாலும் அன்னிக்கே விபத்துப் பதிவேட்டுல எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ. பிடித்தம் பண்ணிட்டு கட்டாமலே இருக்கிற கான்ட்ராக்டர்களும் இருக்காங்க. அடுத்த சம்பளத்தன்னிக்கு உன் இன்ஷூரன்ஸ் நம்பரைக் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டு, பக்கத்து இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் பணம் கட்டியிருக்காங்களான்னு பார்த்துட்டு வா. தனியாப் போகாதே, கூட வேலை பார்க்கிறவங்களையும் கூட்டிக்கிட்டுப் போ.